இஜ்ஜாவின் குரலும் உன் பழைய சிம்மும்

அன்பு மகள் கிஸ்லானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே தீஸ்னீத்தில் நானும் உன் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் நன்றாக இருக்கிறோம், உன் உடம்பு எப்படி இருக்கிறது, மொன்றியால் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போகிறாயா என்பதை நீதான் எழுத வேண்டும். போனில் எதைச் சொன்னாலும் "சரி வாப்பா, பாக்குறேன்" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து மின்னஞ்சலில் எழுதுகிறேன், முழுவதும் படி.

போன விடுமுறையில் என் வகுப்புக்காக இணையத்தில் ஒரு இலவசப் பக்கம் போட்டுக் கொடுத்தாயே, பிள்ளைகள் கதையை வாசித்துப் பதிவு செய்து ஒருவருக்கொருவர் கேட்பதற்கு, அது இப்போது என் தூக்கத்தைக் கெடுக்கிறது. குறை சொல்லவில்லை. புத்தகத்தைத் தொடச் சொன்னால் வயிற்றுவலி என்ற பிள்ளைகள் கூட, கடற்கொள்ளையர் கதையின் அடுத்த பகுதியை யார் வாசிப்பது என்று சண்டை போடுகிறார்கள். இஜ்ஜா என்று ஒரு பெண், வீட்டில் தஷெல்ஹித் மொழி மட்டும் பேசுகிறவள், வகுப்பில் பாடமொழியில் வாசிக்க எழுப்பினால் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். தனியாகப் பதிவு செய்யும்போது தப்பினால் அழித்துவிட்டு மறுபடி வாசிக்கலாம் அல்லவா, அந்தத் தைரியத்தில் கதையின் பாதியை அவளே வாசித்துவிட்டாள். அவள் தகப்பன் பெலைத், அகாதிர் நகருக்கு ஷேர் டாக்ஸி ஓட்டுகிறவன், எழுத்துக் கூட்டத் தெரியாது, பெருமை தாங்காமல் அதை வண்டியில் சத்தமாகப் போட்டிருக்கிறான். பின் சீட்டில் இருந்தவன் இஜ்ஜாவின் தாய்மாமன். வயசுப் பெண்ணின் குரலைக் கண்ட ஆண்களும் கேட்பதா என்று பாதி வழியிலேயே இறங்கிவிட்டானாம்.

மறுநாள் பெலைத் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டான். திங்கட்கிழமைக்குள் அந்தப் பதிவை எடுக்காவிட்டால் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்றான். கேட்க யாராலும் முடிகிறது, ஆனால் எதையும் எடுக்க ஆசிரியர் கணக்குக்குள் எனக்கோ போகவே முடியவில்லை, எப்படியோ வெளியே வந்துவிட்டேன், மறுபடி நுழையும்போது ஏதோ எண் கேட்கிறது, அது உன் பழைய சிம்முக்குத்தான் வருமாம், அன்று என்னிடம் இருந்தது பட்டன் போன் என்று உன் நம்பரைக் கொடுத்தாயே. இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறான். "இத்தன வருசம் பாடம் நடத்துறீங்க, சாவிய மககிட்டக் குடுத்து கனடாவுக்கு அனுப்பிட்டு இங்க கதவத் தட்டிக்கிட்டு நிக்கிறீங்களா வாத்தியாரே" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான். உன் உம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

நேற்று அவன் நம் வீட்டுக்கே வந்தான், தேநீரைத் தொடவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். பிறகு மெதுவாக, "ஊருக்குக் கேக்க வேணாம் வாத்தியாரே. எனக்கு மட்டும் கேக்குற மாதிரி எதாச்சும் பண்ண முடியுமா? வண்டி நெறையுற வரைக்கும் அதத்தான் போட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கேன். வீட்டுல அவ எங்கிட்ட அவ்வளவு பேசுறதில்ல" என்றான். பக்கத்தைப் பூட்டிவைக்க வழி உண்டு என்று எங்கள் கணக்கு ஆசிரியர் சொல்கிறார், வகுப்பும் பெற்றோரும் மட்டும் கேட்கலாமாம். இதை முதலிலேயே செய்திருக்கக் கூடாதா என்று உன்மேல் கோபம் வருகிறது, உடனே போயும் விடுகிறது.

ஆகவே அந்தச் சிம்மைத் தேடு. அது செத்துவிடாமல் நான்தான் பணம் போட்டு வருகிறேன். ஞாயிறு சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் கணினி முன் உட்கார்ந்திருப்பேன், அங்கே உனக்குக் காலை, எண் வந்ததும் உடனே சொல், கொஞ்ச நேரம்தான் செல்லுமாம். தூங்கிவிடாதே. ஒரு பெண்ணின் படிப்பு இதில் தொங்குகிறது.

உம்மா பாதாம் அரைத்துச் செய்த அம்லு இரண்டு பாட்டில் தனியாகத் தபாலில் வருகிறது, தோழிகளுக்கே கொடுத்துத் தீர்த்துவிடாமல் நீயும் சாப்பிடு. அல்லாஹ் உன்னைக் காத்து, நல்ல மனிதர்கள் நடுவே வைக்கட்டும். இன்னொன்று. அந்தப் பக்கத்தில் முதல் பதிவு உன்னுடையது, ஊருக்கு வெளியிடாமல், சரிபார்க்க மட்டும் நீ பேசியது, "வாப்பா, கேக்குதா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறாய். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உம்மா தினமும் அதைப் போடச் சொல்கிறாள், இப்போது அதுவும் உள்ளே மாட்டிக்கொண்டது. பூட்டும்போது வேண்டாத பதிவு என்று அதை அழித்துவிடாதே.

கேட்டுக்கொண்டிருக்கும்,
உன் வாப்பா