ஸ்பீக்கரின் பின்பக்கம்

ஜூன் 14, 2025, சனி

மேலப்பாளையத்திலிருந்து ஹசன் அலி முதல் ஸ்பீக்கரை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். எங்கள் குழுவின் கச்சேரிகளுக்கெல்லாம் மைக்செட் அவருடையதுதான். வாங்குவதற்கு முன் நாலைந்தை வாசித்துப் பார்த்துவிடுங்கள் என்று அவரே சொன்னார்.

போன மாதம் என் வீட்டுக்காரர் தன் கிதாருக்கு மாடலர் வாங்கினார். காலால் மிதிக்கிற ஒரு பெட்டி. உலகத்திலுள்ள கிதார் ஆம்ப்ளிஃபயர் சத்தங்களெல்லாம் அதற்குள் இருக்கின்றனவாம். இடுப்பில் டிஸ்க் விலகிய பிறகு முப்பது கிலோ ஆம்பை இவர் தூக்கக் கூடாது. மாடலரைப் பழைய ஆம்பிலேயே செருகினால் என்ன என்று கேட்டேன். அது தன் குரலையும் சேர்த்துக் கலக்கிவிடும் என்றார். கொடுத்ததை அடியிலிருந்து உச்சி வரை எதையும் கூட்டாமல் குறைக்காமல் வெளியே விடுகிற ஸ்பீக்கர் வேண்டுமாம். ஃபுல் ரேஞ்ச் என்கிறார்கள். பவரும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும்.

இன்று வந்தது பத்து அங்குலம். இவர் வாசித்துப் பார்த்து, கம்பளியால் மூடின மாதிரி இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தார். எனக்கோ எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் கீறுகிற மாதிரி இருந்தது. சொல்லவில்லை. பாடுகிறவளுக்கு கிதாரைப் பற்றி என்ன தெரியும்?

ஜூன் 15

அதையே முக்காலியில் ஏற்றி வைத்தும் பார்த்தார். பிடிக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

இன்று இரண்டு. ஒன்று மேடைத் தரையில் சாய்த்து வைக்கிற மாதிரி, முகம் நம்மைப் பார்த்து இருக்கும். மற்றது மரப்பெட்டி, பன்னிரண்டு அங்குலம், பார்வைக்குப் பழைய ஆம்ப் மாதிரியே. இரண்டுமே மந்தமாக இருக்கின்றன என்று மாடலரில் ட்ரெபிளை, அந்த உச்சக் கீச்சுச் சத்தத்தை, ஏற்றிக்கொண்டே போனார். மதியம் எனக்குத் தலை வலித்தது.

கிளம்பும்போது ஹசன் அலி வாசலில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மதினி, ஸ்பீக்கர்ல ஒரு கோளாறும் இல்ல. குடுக்குறதத்தான் அது திருப்பிக் குடுக்கும். அண்ணாச்சி ட்ரெபிள உச்சியில வச்சிருக்காவ."

சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டார்.

ஜூன் 29, ஞாயிறு

இதை எழுதவே கை வரவில்லை.

சாயங்காலம் குறுக்குத்துறைக்குப் போனோம். ஆற்றில் தண்ணீர் நன்றாகவே போகிறது. இருட்டத் தொடங்கும்போது வயல் ஓரமாகத் திரும்பி நடந்தோம். நாற்று நட்டு நாலைந்து நாள்தான் இருக்கும். இவர் சட்டென்று நின்று சொன்னார்: "என்னளா, இந்த வருசம் சில்வண்டு சத்தத்தையே காணும்? மருந்தடிச்சே கொன்னுட்டானுவ போல."

நான் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு பக்கமும் சில்வண்டு. காதைப் பொத்திக்கொள்ளலாம் போல அவ்வளவு சத்தம்.

"ஆமா" என்றேன்.

ஏன் ஆமா என்றேன்?

ஜூலை 5, சனி

ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு கோயில் கொடைவிழாக் கச்சேரி. மரப்பெட்டி ஸ்பீக்கரைத்தான் இரவல் கொண்டுபோனோம். முதல் பாட்டிலேயே முன்வரிசைப் பெண்கள் இரண்டு பேர் காதில் விரல் வைத்தார்கள். சத்தியநேசன் அண்ணன் கீபோர்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தார். குழு அவருடையது. இவரோடு கல்லூரியிலிருந்து பழக்கம். இருந்தும் சொல்லத் தயங்கி அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

மூன்றாவது பாட்டு எனக்கில்லை. மேடைக்குப் பின்னால் நின்றேன். ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் ட்ரெபிளுக்கென்று தனியாக ஒரு நாப், திருகுகிற குமிழ். அதைப் பிடித்துப் பைய இடதுபக்கம் திருகினேன். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். கீறல் அடங்கி, இருபத்தாறு வருடமாக நான் அறிந்த கிதார் வந்தது.

இவர் திரும்புவார் என்று பயந்துகொண்டே நின்றேன். திரும்பவில்லை. ஒரு நரம்புகூட அசையவில்லை இவர் முகத்தில். நான் குறைத்த அத்தனையும் இவருக்கு ஏற்கெனவே இல்லாத சத்தம்.

முடிந்ததும் சத்தியநேசன் அண்ணன் வந்து இவர் தோளில் தட்டினார். "தாணு, இன்னைக்குத்தாம்லே கிதார் கிதார் மாதிரி இருந்துச்சு." இவர் சிரித்த சிரிப்பு!

ஜூலை 6

சாய்வு ஸ்பீக்கரா, மரப்பெட்டியா என்று காலை முழுவதும் யோசித்தார். சாய்வு ஸ்பீக்கரே மேல் என்றார் ஹசன் அலி. நேராக நம் காதைப் பார்க்கும், சத்தத்தை மிகையாக ஏற்ற வேண்டியதில்லை. சரிதான். ஆனால் அதன் நாப்கள் வாசிக்கிறவர் கண்ணுக்கு நேரே இருக்கும்.

மரப்பெட்டியே நன்றாக இருக்கிறது என்றேன். நேற்று எத்தனை பேர் பாராட்டினார்கள் என்றேன். ஒருநாளும் இந்த விஷயங்களில் வாய் திறக்காதவள் சொல்கிறாளே என்று இவருக்குச் சந்தோஷம். வாங்கிவிட்டோம்.

ஜூலை 19

முறப்பநாடு. திருகினேன்.

ஆகஸ்ட் 2

சேரன்மகாதேவி. திருகினேன். வீட்டுக்கு வந்து மறக்காமல் பழையபடி வைத்தேன். கை பழகிவிட்டது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மூன்று நாளாகக் காதுக்குள் குக்கர் ஆவி போகிற மாதிரி ஒரு சத்தம் என்கிறார். பஸ் பிரயாணம், சளி பிடித்திருக்கும் என்று ஆவி பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். நான் சொன்னால் கேட்பார்.

காது டாக்டரிடம் போவோமா என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. மேடையில் ஸ்பீக்கருக்கு முன்னைவிடப் பக்கத்தில் நிற்கிறார். வால்யூமும் ஏறிக்கொண்டே போகிறது. எல்லாம் கண்ணால் பார்க்கிறேன்.

குலசேகரன்பட்டினம் தசராக் கச்சேரி முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வேலை பார்த்த மில் மூடிய பிறகு இவருக்கென்று இருப்பது இதுதான். மேடையும், வார நாளில் கிதார் படிக்க வருகிற எட்டுப் பிள்ளைகளும். உண்மையாகவே இவருக்காகத்தானா? பகலெல்லாம் பள்ளிக்கூட ஆபீசில் டிசி எழுதுகிறவள் சனிக்கிழமை மட்டும் வேறு ஒருத்தியாகிறேன். இவர் இல்லாவிட்டால் அந்த மேடையில் நான் யார்?

செப்டம்பர் 13, சனி

காய்ச்சல். அம்பாசமுத்திரம் கச்சேரிக்கு இவர் மட்டும் போயிருக்கிறார். சாயங்காலத்திலிருந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நடந்துவிட்டது.

இரண்டாவது பாட்டிலேயே கூட்டத்தில் கத்தியிருக்கிறார்கள். விழாக்காரர் மேடையேறி வந்து, கிதாரை நிறுத்திவிட்டு மற்றதை வாசியுங்கள் என்று மைக்கிலேயே சொல்லிவிட்டாராம். மீதிப் பாட்டுக்கெல்லாம் இவர் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறார். மடியில் வைத்துக்கொண்டு.

ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று காலையில் ஹசன் அலியை வரவழைத்தார். அவர் கழற்றிப் பார்த்து மாட்டினார். பழுதில்லை என்றார். பிறகு வெள்ளந்தியாகக் கேட்டார்: "நேத்து மதினி வரலியோ? அவியதான எப்பவும் பின்னால கொஞ்சம் குறைப்பாவ?"

இவருக்குத் தெரிந்து செய்கிறேன் என்றே நினைத்திருக்கிறார், பாவம். எங்கள் முகத்தைப் பார்த்ததும் டீயைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டார்.

இவர் ஸ்பீக்கரைச் சுற்றிப் பின்னால் போனார். அந்த நாப்பைப் பார்த்தார். கிதாரில் ஒரு தந்தியை மீட்டி நாப்பைத் திருகினார். மறுபடி மீட்டித் திருகினார். கடைசி வரை இடது, கடைசி வரை வலது. எனக்குக் காது கூசியது. இவருக்கு எல்லாம் ஒன்றுதான். ஆறேழு தடவை செய்து பார்த்தார். நான் பார்க்கப் பார்க்க இவருக்குப் புரிந்தது.

"எத்தன நாளா திருகுத?"

"ஜூலைலேருந்து."

"அப்ப கைதட்டுனதெல்லாம் எனக்கா, உன் கைக்கா?"

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கேட்டுவிட்டுத் துணியால் ஸ்பீக்கரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

செப்டம்பர் 17, புதன்

பாளையங்கோட்டையில் காது பரிசோதனை. கண்ணாடி அறைக்குள் இவரை உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே டாக்டரம்மா பக்கத்தில் நான். அவர் ஒவ்வொன்றாக அனுப்புவது திரையில் தெரிகிறது. இவர் விரலைப் பொத்தான் மேல் வைத்தபடி, பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். சத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. விரல் அசையவில்லை.

ஐம்பத்திரண்டு வயதுக்கு இது அதிகம் என்றார் டாக்டரம்மா. டிரம்ஸ் பக்கத்தில் நின்ற இத்தனை வருடமும் சேர்ந்து செய்த வேலை. போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் இனி மேடை கூடாது. மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் என்று கேட்டேன். "அந்த மூணு மாசத்துல போனதையாவது நிறுத்தியிருக்கலாம்" என்றார். பிறகு இவரிடம், வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார்: "இல்லம்மா. யாருக்கும் தெரியாது."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தேன்.

செப்டம்பர் 25, வியாழன்

சத்தியநேசன் அண்ணன் வந்திருந்தார். தசராவுக்குத் தூத்துக்குடியிலிருந்து ஒருவர் கிதார் வாசிக்கிறார். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இவர்தான் அவரைத் தேற்றினார். மாடலரும் ஸ்பீக்கரும் குழுவிலேயே இருக்கட்டும், இரண்டையும் எடுத்துக்கொண்டு போ என்றார்.

கொடுப்பதற்கு முன்னால் மாடலரில் சேமித்து வைத்திருக்கிற சத்தங்களைச் சரிசெய்து வைக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். பதினொரு நாளில் இவராகக் கூப்பிட்டது இதுதான் முதல். நான் நாற்காலியில். இவர் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு மாடலர் முன்னால் தரையில். மேடைச் சத்தத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும், வீட்டுச் சத்தத்தில் சரியாகத் தோன்றுவது மேடையில் குத்தும் என்று சொல்லிக்கொடுத்தார். எண்ணைப் பார்த்துப் பார்த்துக் குறைத்தார்.

"அஞ்சாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல வெட்டுதேன். குத்துதா?"

"கொஞ்சம்."

"இப்ப?"

"இல்ல."

"நெசமாச் சொல்லு."

"நெசமாத்தான் சொல்லுதேன்."

நாற்பது சத்தங்கள். ஒவ்வொன்றுக்கும் நெசமாச் சொல்லு, நெசமாச் சொல்லு. விளக்கேற்றுகிற நேரமாகிவிட்டது முடிக்க.

செப்டம்பர் 28, ஞாயிறு

நேற்று குலசேகரன்பட்டினம். நான் போகவில்லை என்றேன். இவர்தான் பிடிவாதமாக அனுப்பினார். பாடினேன். கடற்கரை வரை கூட்டம், வேஷம் கட்டினவர்களும் குழந்தைகளுமாக. தூத்துக்குடிக்காரர் நன்றாகவே வாசிக்கிறார். சத்தமும் அருமை. எதுவும் சரிசெய்ய வேண்டியிருக்கவில்லை. வலதுபக்கம் திரும்பினால் வேறு ஆள் நிற்கிறார். மூன்று பாட்டில் இரண்டு தடவை அடி மறந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். இனிப் போக மாட்டேன் என்று மனதுக்குள் முடிவு செய்தேன்.

நவம்பர் 9

எட்டுப் பிள்ளைகளில் ஐந்து பேர் இன்னும் வருகிறார்கள். மின்சாரம் இல்லாத மரக்கிதாரில் சொல்லிக்கொடுக்கிறார். அவர்களுடைய விரலைப் பார்த்தே தப்பைப் பிடித்துவிடுகிறார்.

நாங்கள் பேசிக்கொள்கிறோம். சாம்பாருக்கு உப்பு, பால் வந்ததா, மழை. அந்த விஷயத்தை மட்டும் இரண்டு பேரும் தொடுவதில்லை.

ஜனவரி 18, 2026, ஞாயிறு

காதுக் கருவி வந்து நாலு நாளாகிறது. எல்லாமே தகரத்தில் கொட்டுகிற மாதிரி கேட்கிறது என்கிறார். தாளைப் புரட்டினால் திடுக்கிடுகிறார். பழக ஆறு மாதமாவது ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இன்று காலை பிள்ளைகள் யாரும் வரவில்லை. மரக்கிதாரை எடுத்து மடியில் வைத்தார். சுருதி கூட்டினார். அடுப்படியில் இருந்த என்னைப் பார்த்து, "வேணி, பாடு" என்றார்.

செப்டம்பருக்குப் பிறகு நான் பாடவே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தேன். முதல் வரியை எடுத்தேன். இவர் விரல் நின்றுவிட்டது. என் வாயையே பார்த்தார். தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவர் மாதிரி ஒரு முகம்.

"இது உன் குரல் இல்லியே" என்றார்.

நான் நிறுத்திவிட்டேன்.

இவர் இரண்டு கருவியையும் கழற்றி, டப்பாவில் வைத்து மூடினார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் முழங்காலில் இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ம், இப்பம் பாடு."

பாடினேன். எனக்கு எட்டிய மட்டும் முழுசாகவே பாடினேன். அதில் எவ்வளவு இவருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை. ஓரிடத்திலும் இவர் தாளம் தப்பவில்லை.