செல்வியின் பக்கம் 86 டிகிரி

செவ்வாய், மார்ச் 4
காலையிலேயே வெயில். ஒலக்கூர் பக்கம் பாகப்பிரிவினைக்கு நிலம் அளந்தேன். புருஷனை இழந்த செல்விக்கும் கொழுந்தன் ஏழுமலைக்கும் ஆளுக்குப் பாதி. சாலையோர எல்லையின் நடுவிலிருந்து உள்ளே நாற்பது மீட்டருக்குச் செங்குத்துக் கோடு. கல் நட்டாயிற்று. பதினொரு மணிக்கு விழுப்புரம் குடும்ப நீதிமன்றம். சரிபார்க்க நிற்கவில்லை.
கோர்ட்டில் என் கணவர் எதிர் பெஞ்சில். இளைத்திருந்தார். கையெழுத்து, விவாகரத்து. பதினொரு வருடம்.
திண்டிவனம் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. பார்சல் தயிர் சாதம், பாதிதான் சாப்பிட்டேன்.

புதன், 5
வாங்க: பால், பேனா, கொசுவத்தி.
செல்வி போனில். "மேடம், போரு கொழுந்தனாரு பக்கம் போயிட்ச்சுங்க. எங்க வூட்டுக்காரரு தண்ணிக்குப் போட்ட போருங்க. நல்லா பாத்தீங்களா?"
அளவு அளவுதான் என்று வைத்துவிட்டேன். எரிச்சல் செல்வி மேல் இல்லை.

வியாழன், 6
மாலை. வரைபடம் போட உட்கார்ந்தால் பின் வரப்பின் அளவு குறிப்பில் இல்லை. எடுக்கவே இல்லை. சந்தேகம் வந்து, செங்கோணம் பார்க்கும் குறுக்குக்கோலை எடுத்தேன். ஒரு தகடு வளைந்திருக்கிறது. செவ்வாய் காலை ஸ்கூட்டியிலிருந்து விழுந்தது. தூசி தட்டியதோடு சரி.
அதன் இரண்டு பார்வைக் கோடுகளையும் தாளில் இழுத்து, கோணமானி வைத்தேன். ஒரு கோணம் மட்டும் தப்பாகாதே. 86, எதிரில் 86. பக்கத்தில் 94, 94. செல்வி பக்கம் 86. நாற்பது மீட்டர் போவதற்குள் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் அவர் நிலத்துக்குள் சாய்ந்துவிடும். சரியான கோட்டிலிருந்து போர் செல்வி பக்கம் இரண்டு மீட்டர்தான்.
யாரிடமாவது சொல்ல வேண்டும்போல. போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். முன்னாள் கணவர் பெயர் வந்தது. வைத்துவிட்டேன்.

வெள்ளி, 7
ஏழு மணிக்கே வயல். இருவரையும் வரச் சொல்லியிருந்தேன். தப்பு என்னுடையது என்றேன்.
ஏழுமலை முகம் மாறியது. "கல்லு நட்டாச்சு மேடம். நீங்கதானே நட்டீங்க?"
நான்தான் என்றேன். டேப்பின் ஒரு முனையை அவரிடமே கொடுத்தேன். செல்வி பக்கம் சாலைக் கோட்டில் மூன்று மீட்டர், பிரிவுக் கோட்டில் நான்கு. குறுக்கே ஐந்து வந்தால்தான் செங்கோணம். வந்தது 4.83. மறுபடி பிடிக்கச் சொன்னார். 4.83. பிறகு அவரே கடப்பாரை கொண்டுவந்து பின்கல்லைப் பிடுங்கினார்.
புதுக் கோடு. இரு பக்கமும் சரியாக 5. போர் செல்வி பக்கம்.
திட்டுவார் என்று நினைத்தேன். செல்வி ஒரு தட்டில் மல்லாட்டை, அவித்த வேர்க்கடலை, வைத்தார். உரித்துக்கொண்டே, "வூட்ல யாரு கீறாங்க?"
யாரும் இல்லை. முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.
"குந்துங்க. சோறு வடிச்சிட்டேன்."