நசுங்கிய டின்மேல் அடித்த மை

மார்ச் 4, செவ்வாய்

கைப்பிரிண்டரில் அட்டைப்பெட்டிக்கு அடிக்கும் மையை மாற்றாமலே பால்பவுடர் டின்களில் தேதி அடித்துவிட்டேன். விரல் பட்டதும் அழிந்தது. அட்டை மையை உறிஞ்சும், தகரம் உறிஞ்சுமா? நாற்பது டின்னையும் துடைத்து, சட்டென்று காயும் மையைப் போட்டு மறுபடி அடித்தேன். பக்கத்து மேஜையில் பேக்கிங் அக்காவுக்கு ஒரே சிரிப்பு. “பிரிண்டரை இஸ்திரிப்பெட்டி மாதிரி பிடிச்சிருக்கியே தம்பி, வீட்டுல துணியாவது தேய்ச்சுக் குடுக்கிறியா?”

மார்ச் 6, வியாழன்

கிடங்கில் டின்கள் குறைகின்றனவாம். மேனேஜர் கூப்பிட்டுப் புது மை கொடுத்தார். அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. ஊதா விளக்கைக் காட்டினால் பச்சையாக ஒளிரும். “நல்ல டின்ல மட்டும் அடி. நசுங்கினதை நம்ம ஆளுங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுதானே, அதுல வேண்டாம். யார்கிட்டயும் மூச்சு விடாதே.”

என்னை நம்பி ஒரு ரகசியம். பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 8, சனி

எல்லோரும் சாப்பிடப் போன அரைமணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். தெரியாத மை — எங்கே விட்டேன், எங்கே தொடர்ந்தேன் என்றே புரியவில்லை. ஓரத்தில் ஒதுக்கியிருந்த நசுங்கல் டின்கள்மேலும் இழுத்துவிட்டேன். துடைக்க நேரமில்லை. கண்ணுக்கே தெரியாதது, என்ன ஆகிவிடப் போகிறது?

மார்ச் 12, புதன்

அக்காவைப் பிடித்துவிட்டார்கள்.

சாயங்காலம் வாசலில் சோதனை. அக்கா பையில் ஒரே ஒரு டின், நசுங்கியது. மகளுக்கு இரட்டைக் குழந்தைகள். விளக்கைக் காட்டியதும் பச்சையாக எரிந்தது.

“ஓரத்துல இருந்துதான் சார் எடுத்தேன்.”

இதுவரை ‘வாங்கம்மா’ என்று பேசிய மேனேஜர் ஒருமைக்கு இறங்கினார். “குறி போட்டது நல்ல டின்ல மட்டும்தான். நீயே தட்டி நசுக்கியிருக்கே. உப்பைத் தின்னா தண்ணி குடிச்சுத்தான் ஆகணும். நாளையிலேர்ந்து வராதே.”

அக்கா என்னைப் பார்த்தார். “தம்பி, நீயாவது சொல்லேன்.”

நான் குனிந்து கையிலிருந்த பிரிண்டரின் முனையைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த முனை.

மார்ச் 13, வியாழன்

காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே இருந்தேன். காய்ச்சல் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

மனைவியிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“வேலை போயிடும்னு பயமா?”

“ஆமா.”

“அவங்களுக்குப் போயிடுச்சே.”

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருக்கலாம். ஐயோ, திட்டியிருக்கலாம்!

மார்ச் 17, திங்கள்

மேனேஜரை ஓரத்துக்கு அழைத்துப் போய் விளக்கைக் காட்டினேன். மிச்சமிருந்த நசுங்கல் டின்கள் பதினொன்றும் பச்சையாக எரிந்தன. “நான்தான் சார். அவசரத்துல எல்லாத்துலயும் அடிச்சுட்டேன்.”

அவர் முகம் வெளிறிவிட்டது. “அஞ்சு நாளா வாயில என்னடா வச்சிருந்தே?”

விளக்கை அணைத்தேன்.

பிரிண்டரை வாங்கிக்கொண்டார். நாளை முதல் எனக்கு லாரியில் ஏற்றும் வேலை.

மார்ச் 19, புதன்

அக்கா வீட்டுக்குப் போனேன். தோளில் ஒரு குழந்தையோடு கதவைத் திறந்தார். மேனேஜர் முன்பே வந்து போயிருக்கிறார்.

“மன்னிச்சிடுங்கக்கா.”

“டின்ல அடிச்சது தெரியாம. சரி. வாசல்ல நின்னது தெரிஞ்சுதானே?”

கதவைச் சாத்தவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 2, புதன்

அக்கா வேலைக்குத் திரும்பி ஒரு வாரமாகிறது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் வருத்தம் தெரிவித்தார். வாசல் சோதனையையும் நிறுத்திவிட்டார்கள். குறைந்த டின்கள் எங்கே போயின என்பது இன்னும் தெரியவில்லை.

ஆனாலும் அக்கா தினமும் கிளம்பும்போது காவலாளியின் மேஜைமேல் பையைக் கவிழ்க்கிறார். சாப்பாட்டு டப்பா, மூக்குக்கண்ணாடி, குடை. “யாரும்மா கேட்டா? எடுத்துட்டுப் போங்க” என்று அவர் கெஞ்சுகிறார். அக்கா ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துவைக்கும் வரை பின்னால் நாங்கள் வரிசையில் நிற்கிறோம். ஒருவரும் முணுமுணுப்பதில்லை.

இன்று குடை உருண்டு என் காலடியில் விழுந்தது. எடுத்து நீட்டினேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.