மணம் பேச வந்த மரவெலிகளைக் குறித்து முகில்தீவு அரசியாருக்கு

மழை நீங்காத மலைக்காடுகளை உடைய முகில்தீவை ஆண்டருளும் பேரரசி கடலகநங்கையார் திருமுன்னர்க்கு, நெற்குன்ற நாட்டு மன்னர் பெருங்கதிர்க்கோவின் அமைச்சன் சாத்தன் பூதன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் காடுகள் தழைக்க. தங்கள் துறைகளில் கலங்கள் நிறைக. எங்கள் நலத்தை எடுத்துரைக்க இவ்வேளை எங்களுக்கு முகமில்லை.

தங்கள் தூதர் திரையன் மாறனார் பொந்துள்ள மரத்துண்டு ஒன்றைத் தோளில் சுமந்து அவைக்கு வந்தார். பூனையளவு உடம்பும், கறுப்பும் வெள்ளையுமான அடர்மயிரும் கொண்ட இரண்டு உயிர்கள் அதிலிருந்து எட்டிப் பார்த்தன. முதலில் அரசவை முழுதும் மயங்கியது. அரசமாதேவியார் மடியில் வைத்துக்கொள்ளலாமா என்றுகூடக் கேட்டருளினார். அப்போதுதான் களஞ்சியத் தலைவர் கொற்றங்கீரனார் அவற்றின் பல்லைப் பார்த்து, இது எலி என்றார். நெல்லை நம்பி வாழும் நாடு எங்களது; கோட்டைக்குள் எலி கொணர்பவர் சிறை புகவேண்டும் என்பது பழைய சட்டம். முகில்தீவில் முத்து தீர்ந்துபோயிற்றோ, எலியை அனுப்பியிருக்கிறார்களே என்று மன்னரின் மைத்துனர் ஒருவர் வினவ, அவை சிரித்தது. அவர் பெயரை எழுதேன், ஊரே அறியும். அடியேன் சிரிக்கவில்லை, வாயைப் பொத்திக்கொண்டேன், அவ்வளவே. தூதர் ஏதோ சொல்லச் சொல்லவே இழுத்துச் சென்றார்கள்.

இளவரசி வெயினியார்தாம் சிறைக்குச் சென்று கேட்டார். வேறு பணியாகச் சிறைச்சுவரருகே நின்றமையால் தூதர் சொன்ன விடை அடியேன் செவியிலும் விழுந்தது. இவை நெல்லைத் தீண்டா, தளிருண்டு மரத்தில் வாழ்பவை. ஆணும் பெண்ணும் குட்டியோடு ஒரே பொந்தில் உறங்குபவை. ஆதலால் எங்கள் தீவில் மணமகனின் தாய் இவ்விணையை அனுப்பியே பெண் கேட்பாள். இசைவுடைய பெண் பொந்தில் தளிர் நிறைத்துத் திருப்புவாள் என்றார் அவர். எங்கள் மகளைக் கேட்டு வந்தவரையே சிறையில் அடைத்திருக்கிறோம்! இதைக் கேட்ட மன்னர் முடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

சிறைக்கதவை உடனே திறந்துவிட்டோம். தூதரோ வெளியே வர மறுக்கிறார். தம் அரசிக்கு நேர்ந்த இகழ்ச்சியை அரசியே பொறுத்தாலன்றித் தாம் எழுவதற்கில்லை என்கிறார். மன்னர் நாள்தோறும் அவ்வாசலில் அமர்ந்து, அவர் உண்ட பிறகே உண்கிறார். மரவெலிகள் இளவரசியாரின் முற்றத்து மாமரத்தில் நலமாயுள்ளன. களஞ்சியத் தலைவர்தாம் தள்ளாத உடம்போடு மரமேறித் தளிர் பறிக்கிறார். பார்க்கக் கூட்டம் கூடுகிறது, விரட்டவில்லை.

இளவரசியார் தம் கையால் தளிர் நிறைத்த அம்மரத்துண்டு இவ்வோலையோடு வருகிறது. அது அவருடைய விடை. எங்கள் நாணம் இவ்வோலை.

ஓலையின் கடையில் எங்கள் மன்னரின் ஆணை வருதல் மரபு. இம்முறை முத்திரையை மட்டும் இட்டு, ஆணைக்குரிய இடத்தை வெறுமையாக விடச் சொன்னார். அதைத் தாங்கள் எழுதி அனுப்புக, தூதர் எழுந்திருப்பார்.