செல்வா தெரு 14-ஆம் எண் வீட்டில் வசிப்பது யார் என்பது குறித்து

அனுப்புநர்:
யோரிஸ் ஹாசெப்ருக், வயது 61,
நில அளவையாளர் (ஓய்வு), பெல்ஜியம் நாட்டவர்,
செல்வா தெரு 14, முதல் மாடி,
பொஜ்ஜோசெர்ரா.

பெறுநர்:
மேயர் அவர்கள்,
குடியிருப்போர் பதிவேட்டின் தலைமை அலுவலர் என்ற முறையில்,
நகராட்சி அலுவலகம்,
பொஜ்ஜோசெர்ரா.

பொருள்: என் குடியிருப்புப் பதிவு மறுக்கப்பட்டது – அதே வீட்டில் திரு. எலீஜோ சந்தரேலி குடும்ப உறுப்பினராகப் பதிவாகியிருப்பது – மறு விசாரணை கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் மார்ச் 5.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி முகவரியில் உள்ள வீடு பதினோரு ஆண்டுகளுக்கு முன் நானும் என் மனைவி ஹில்தேயும் சேர்ந்து பார்த்து, சேர்ந்து பிடித்துப்போய் வாங்கிய வீடு. இவ்வூரில் பதிவு செய்துகொண்டவர் வாங்கினால் வரி குறையும் என்பதால் பத்திரம் என் மனைவியின் பெயரில் உள்ளது. அவர் அந்த ஆண்டே தங்கள் பதிவேட்டில் சேர்ந்தார். நான் சேரவில்லை. எங்களுக்குத் திருமணமாகி இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. சான்றிதழின் முத்திரையிட்ட மொழிபெயர்ப்பு இணைக்கப்பட்டுள்ளது (இணைப்பு 1).

2. நான் சேராததற்குக் காரணம் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் உள்ள என் வரி ஆலோசகர். அவர் அன்று சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "நாள் கணக்க எண்ணிக்கிட்டே வாங்க சார். வருஷத்துல நூத்தி எண்பத்திரண்டு ஆனதும் கிளம்பிடுங்க. அதுக்கு மேல ஒரே ஒரு நாள் இருந்தாலும் வரிக்கு நீங்க அந்த நாட்டு ஆளு." நான் அளவைத் தொழில் செய்தவன். ஓர் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. பதினோரு ஆண்டுகளும் விமான அட்டைகளை ஒட்டி நோட்டுப் போட்டு, ஒரு நாள் கூடாமல் போய் வந்தேன். ஆண்டுதோறும் அக்டோபர் கடைசியில், ஒலிவக் காய் பறிக்கத் தொடங்கும் நேரத்தில், என் நாள்கள் தீர்ந்துவிடும். ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு நான் விமானம் ஏறுவேன். அந்த ஏணியில் ஏறியவர் அடுத்த வீட்டு திரு. எலீஜோ சந்தரேலி.

3. திரு. சந்தரேலி ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர், மனைவியை இழந்தவர். அவர் மீது எனக்குத் தனிப்பட்ட விரோதம் கிடையாது என்று இப்பத்தியில் எழுதுவதாகத்தான் இருந்தேன். எழுதிப் பார்த்தேன், கை ஓடவில்லை. ஆகவே உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவரைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. எங்கள் வெந்நீர்க் கொதிகலன் அவர் தட்டினால் எரிகிறது, நான் தட்டினால் அணைகிறது. ரொட்டிக் கடைப் பெண்மணி என் கையில் காசு வாங்கிக்கொண்டு ரொட்டியை அவரிடம் நீட்டி, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க எலீஜோ" என்கிறார். இவ்வூர் வழக்கப்படி திரு. சந்தரேலி வாயில் 'ஹ' வராது. என் மனைவியை "இல்தே" என்பார். இப்போதெல்லாம் தொலைபேசியை எடுத்ததும் என் மனைவியே "இல்தே பேசறேன்" என்கிறார். கெண்டிலிருந்து அழைத்த நான் தவறான எண் என்று நினைத்து ஒருமுறை வைத்துவிட்டேன்.

4. இரண்டு குளிர்காலங்களுக்கு முன் திரு. சந்தரேலியின் வீட்டுக் கூரை உத்தரங்கள் ஆபத்தானவை எனத் தங்கள் பொறியாளர் அறிவித்து வீட்டுக்குப் பூட்டுப் போட்டார். என் மனைவி எங்கள் தரைத்தள அறையை அவருக்குக் கொடுத்தார். கொடுத்த பிறகு எனக்குத் தொலைபேசியில் சொன்னார். நானும் பெருந்தன்மையாக "நல்லது" என்றேன். ஊரில் இல்லாதவன் வேறு என்ன சொல்வான்.

5. கடந்த டிசம்பரில் என் பங்கைக் கூட்டாளிகளுக்கு விற்றுவிட்டு எங்கள் அளவை அலுவலகத்தை விட்டு விலகினேன். இனி எண்ண வேண்டிய நாள் ஏதுமில்லை என்ற மகிழ்ச்சியோடு ஜனவரி 9 அன்று வந்திறங்கி, 20 அன்று தங்கள் அலுவலகத்தில் பதிவுக்கு விண்ணப்பித்தேன். அப்போது விண்ணப்பம் வாங்கும் சாளரத்தில் இருந்த இளம் அலுவலர், என் மனைவியின் குடும்ப நிலைச் சான்றிதழை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுல ரெண்டு பேர்தான் சார் இருக்காங்க. உங்க பேரு இல்லையே. நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். ஒரு பெயர் ஹில்தே. மற்றொன்று எலீஜோ சந்தரேலி, "உடன் வாழ்பவர்". என் பின்னால் வரிசையில் ஏழு பேர் நின்றிருந்தார்கள். கணவன் என்று நான் சொன்னபோது அவர்களில் ஒருவர் இருமினார்.

6. விசாரித்ததில் தெரியவந்தது: ஒரே முகவரியில் வசிக்கும் இருவர் தனித்தனிக் குடும்பமாகவும் பதியலாம், ஒரே குடும்பமாகவும் பதியலாம். அதற்குப் படிவத்தில் இரண்டு கட்டங்கள். 'எங்களுக்குள் உறவோ பாசப் பிணைப்போ எதுவும் இல்லை' என்பது ஒன்று. 'பாசப் பிணைப்பு உண்டு' என்பது மற்றொன்று. திரு. சந்தரேலி குடிவந்தபோது என் மனைவி இரண்டாவது கட்டத்தில் குறியிட்டிருக்கிறார். அன்று மாலை அவரிடம் இது குறித்துக் கேட்டேன். அவர் கீரை அரிந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் சொன்னது வருமாறு: "இருந்தது ரெண்டு கட்டம்தான், யோரிஸ். ஒண்ணுல 'எந்தப் பாசமும் இல்ல'ன்னு அச்சடிச்சிருக்கு. எதிர்ல அவரு தொப்பியக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. ஒவ்வொரு பனிக்கும் வந்து அடுப்பப் பத்த வச்ச மனுஷன் முன்னாடி அதுல எப்படிக் குறி போடறது? நீ போடுவியா?" நான் போடுவேன் என்றேன். அவர் மீண்டும் கீரையை அரியத் தொடங்கினார்.

7. என் விண்ணப்பத்தின் பேரில், நான் அங்கு உண்மையில் வசிக்கிறேனா எனப் பார்க்க நகரக் காவலர் திருமதி நதாலீனா மும்முறை வந்தார். மூன்று வருகைகளின் அடிப்படையிலும் 'இவர் இங்கு வழக்கமாக வசிப்பதாகத் தெரியவில்லை' என்று அறிக்கை தந்துள்ளார். அவர் கடமையைச் செய்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அறிக்கையில் விடுபட்டவற்றைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

8. முதல் வருகை, பிப்ரவரி 3. அன்று நான் அழைப்புமணிக்கு அருகில் என் பெயர்ப் பலகையைப் பொருத்த ஆணி வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். ஏற்கெனவே அங்கே இரண்டு பெயர்கள் இருப்பதால் மூன்றாவதற்கு வேறு அளவு ஆணி தேவைப்பட்டது. கதவைத் திறந்தவர் திரு. சந்தரேலி. "யோரிஸா? அவரு வருவாரு, போவாரு. தங்கமான மனுஷன்" என்று சொல்லியிருக்கிறார். அறிக்கையில் 'வருவார், போவார்' என்பது மட்டும் உள்ளது. தங்கமான மனிதன் என்பது இல்லை.

9. இரண்டாவது வருகை, பிப்ரவரி 17. இதைப் பற்றி எழுதாமல் விட்டிருக்கலாம். விட்டால் என் வழக்கு நிற்காது. அன்று தபால் நிலையத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, தெருமுனை வரை போய், பின்பக்கமாகத் திரும்பி வந்து, வீட்டின் பின்மேட்டில், மாடிச் சமையலறைச் சன்னலுக்கு நேராக உள்ள எங்கள் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நான் இல்லாதபோது அந்த வீட்டில் என்னதான் நடக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. நாற்பது நிமிடம் பார்த்தேன். என் மனைவி துணி மடித்தார். திரு. சந்தரேலி காப்பி வைத்தார். சர்க்கரை எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று அவர் தேடவே இல்லை. நான் இன்றும் கேட்டுத்தான் எடுக்கிறேன். அவர் ஏதோ சொன்னார், என் மனைவி சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு, ஆனால் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. அந்நேரத்தில்தான் திருமதி நதாலீனா வந்து மணியடித்து, உள்ளே வந்து அந்தச் சன்னல் வழியாக என் பெயரை இரண்டு முறை உரக்க அழைத்தார். நான் பத்து அடி தூரத்தில் இருந்தேன். தொட்டிக்குப் பின்னாலிருந்து எந்த முகத்தோடு எழுந்து வருவது? ஆகவே 'அழைத்தும் இல்லை' என்ற அறிக்கை உண்மைக்குப் புறம்பானது. நான் இருந்தேன்.

10. மூன்றாவது வருகை, மார்ச் 2. நான் வீட்டில் இருந்தேன். "உங்க துணிமணி எங்க சார்?" என்று கேட்டார். பெட்டியைக் காட்டினேன். பதினோரு ஆண்டுகளாகப் பெட்டியிலிருந்தே எடுத்து உடுத்திப் பழகியவன் நான். அலமாரியில் என் பக்கத்தைத் திறந்தபோது பழப்பாகு ஜாடிகள் இருந்தன. பிறகு சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பார்த்து, "தண்ணி மெயின் வால்வு எங்க இருக்கு?" என்றார். சட்டத்தில் அப்படி ஒரு கேள்விக்கு இடம் உண்டா என நான் அறியேன். நான் மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருக்கையில் தரைத்தளத்திலிருந்து திரு. சந்தரேலியின் குரல் வந்தது: "படிக்கட்டுக்கு அடியில, சிவப்புக் கைப்பிடி." திருமதி நதாலீனா அப்போதே எழுதத் தொடங்கினார்.

11. இதற்கிடையில் வரி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்துள்ளது (இணைப்பு 2). என் மனைவி இங்கு நிரந்தரமாக வசிப்பதாலும், என் குடும்ப வாழ்வின் மையம் மேற்படி வீட்டிலேயே இருப்பதாலும், கடந்த ஆண்டுகளுக்கும் என்னை இந்நாட்டில் வசிப்பவனாகக் கருத வேண்டியிருக்கிறது என்பது அதன் சாரம். ஆலோசகரைத் தொலைபேசியில் பிடித்தேன். "நாள் கணக்கு மட்டும் போதாதாம் சார். சம்சாரம் எங்க இருக்காங்கன்னும் பாப்பாங்களாம்" என்றார். இதைப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். ஆனால் ஐயா, அக்கடிதத்தை எதிர்த்து நான் முறையீடு செய்யப் போவதில்லை. அதை நான்கு முறை படித்தேன். ஹில்தே இருக்கும் இடமே என் இடம் என்று முத்திரை போட்டுச் சொல்லும் ஒரே அலுவலகம் அதுதான். அவர்கள் கேட்பதைக் கட்டிவிடுகிறேன். ஓர் அரசு அலுவலகம் வசிக்கிறான் என்பதும் மற்றொன்று வசிக்கவில்லை என்பதும் பொருந்தாது என்பதை மட்டும் தாங்கள் கருத வேண்டும்.

12. இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் நவம்பரில் ஹில்தே ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அந்த ஆண்டு எனக்கு மீதி நாள் ஒன்றுகூட இல்லை. தொலைபேசியில் அவர், "வரணும்னு இல்ல. எலீஜோ இருக்காரு" என்றார். நான் நோட்டைப் பார்த்தேன், வரவில்லை. ஜனவரி முதல் தேதி வந்தேன், அதற்குள் கட்டுப் பிரித்தாகிவிட்டது. மருத்துவமனைக்கு அழைத்துப்போனது, கையெழுத்திட்டது, ஆறு வாரம் காலணி நாடாவுக்கு முடிச்சுப் போட்டுவிட்டது, ரொட்டி நறுக்கியது எல்லாம் அவர்தான். நான் அவர்மீது கொண்டுள்ள பொறாமைக்கு அவர் காரணமில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் குறையவில்லை.

13. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவன: (அ) மார்ச் 5 கடிதத்தை ரத்து செய்து என்னை மேற்படி வீட்டில் வசிப்பவனாகப் பதிய வேண்டும். (ஆ) திரு. எலீஜோ சந்தரேலியை அதே முகவரியில் தனிக் குடும்பமாக மாற்றிப் பதிய வேண்டும்.

(ஆ)-வை எழுதிய பிறகு, நான் உட்கார்ந்து இம்மனுவை எழுதும் நகர நூலகத்தின் வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அதை வலியுறுத்தவில்லை. அது ஹில்தே போட்ட குறி, எடுப்பதும் வைப்பதும் அவர் உரிமை. அடித்துவிட்டு மீண்டும் எழுதினால் இத்தாள் அசிங்கமாகிவிடும் என்பதால் அப்படியே விடுகிறேன். அதற்குப் பதிலாக ஒன்றே ஒன்று கேட்கிறேன்.

14. திருமதி நதாலீனாவை நான்காம் முறை அனுப்பி வையுங்கள். நான் இருக்கிறேனா என்று பார்க்க வேண்டாம். அடுத்த வாரம் முழுவதும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை நான் இந்நூலகத்தில்தான் இருப்பேன், தொட்டிக்குப் பின்னால் அல்ல. அந்த நேரத்தில் வந்து, என் மனைவியிடம், அவர் தனியாக இருக்கையில், "உங்க கணவர் இந்த வீட்டுலதான் வாழறாரா?" என்று கேட்கட்டும். நானே கேட்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். ஜனவரி 9 முதல் ஒவ்வொரு நாளும் கேட்க வாயெடுத்து, வேறு எதையாவது கேட்டுவிடுகிறேன். மேலும், தங்கள் படிவத்தின் அடியில், நகராட்சியிடம் பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று அச்சிட்டிருக்கிறது. என்னிடம் அவர் இரக்கப்பட்டுப் பொய் சொன்னால் அதற்கு ஒரு தண்டனையும் இல்லை.

15. அவர் சொல்வதைச் சொன்னபடியே, ஒரு சொல் விடாமல், எழுதிக்கொள்ள உத்தரவிடுங்கள். ஆம் என்றால் என்னைப் பதியுங்கள். இல்லை என்றால் இம்மனுவைத் தள்ளுபடி செய்யுங்கள், நான் மேல்முறையீடு செய்ய மாட்டேன். தங்கள் முடிவை எனக்கு எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதை அவர் பதிலைப் பார்த்துத் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டுகிறேன்.

தங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு வருந்தும்,

(ஒப்பம்)
யோரிஸ் ஹாசெப்ருக்
ஹில்தேயின் கணவன்

இடம்: பொஜ்ஜோசெர்ரா
நாள்: மார்ச் 24