ஜதுவுக்கு ஒரு வெட்சூட்

2025 ஜனவரி 14, செவ்வாய்

தைப்பொங்கல். காலை ஷிப்ட் முடிந்து பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்தேன். நியூகீயில் கடல் வெப்பநிலை பத்து பாகை. இதை ஏன் தினமும் போனில் பார்க்கிறேன்? நீந்தவும் தெரியாதவன் நான்.

ஜது அங்கே, இந்த நாட்டின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கோர்ன்வோல் கரையில், பலகையில் ஏறி அலையில் ஓடும் சேர்ஃபிங் படிப்பிக்கிறாள். மருத்துவப் படிப்பை மூன்றாம் வருசத்தில் விட்டுவிட்டுப் போன என் ஒரே மகள். "இனி இந்த வீட்டுப் படி மிதிக்காதை" என்று சொன்னது நான்தான். பதினாறு மாதம். தாயோடு மட்டும் கதைக்கிறாள்.

இன்று என் மனுசி செல்வமலர் போனை வைத்துவிட்டுச் சொன்னாள்: "பிள்ளையின்ரை வெட்சூட், அந்தக் குளிர் தாங்கிற ரப்பர் உடுப்பு, முழங்காலிலை கிழிஞ்சு போச்சாம். தண்ணி உள்ளை போய்க் கால் விறைக்குதாம்."

எனக்கென்ன எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போனன். பொய்.

ஜனவரி 15

பத்து. நேற்றைப் போலவே.

ஜனவரி 18, சனி

சேர்ஃபிங் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். இனி வெயில் காலம் வரும்தானே, மெல்லிசாய் ஒன்று போதும் என்று நினைத்திருந்தேன். கடையில் நின்ற பெண் சிரிக்கவில்லை, பொறுமையாய்ச் சொன்னாள். கடல் தரையைவிடப் பிந்தித்தான் குளிருமாம், பிந்தித்தான் சூடாகுமாம். மாசி பங்குனியில்தான் அது மிகக் குளிர். மூன்று மில்லிமீற்றர் தடிப்பு கோடைக்கு. இப்போதைக்கு ஐந்து வேண்டும், தலைக்கு மூடியும் வேண்டும். உடம்போடு ஒட்டி இருக்கவேண்டும். தொளதொளவென்றால் தண்ணீர் உள்ளே ஓடிச் சூட்டைக் கொண்டுபோய்விடும்.

"மகளின் உயரம்? நெஞ்சளவு?"

என் காதடியில் கையை வைத்துக் காட்டினேன். காட்டும்போதே சந்தேகம். வெறுங்கையோடு வந்தேன்.

ஜனவரி 19

செல்வமலரிடம் அளவு கேட்டேன்.

"நீங்களே கேளுங்கோவன். உங்கடை பிள்ளைதானே."

ஜனவரி 25

அலுமாரியில் கிடந்த அவளின் பழைய சல்வாரை அளந்து, ஐந்து மில்லிமீற்றரில் வாங்கித் தபாலில் போட்டேன். அனுப்புகிறவர் இடத்தில் எங்கள் வீட்டு முகவரி மட்டும் எழுதினேன். என் பெயர் எழுதக் கை வரவில்லை.

பெப்ரவரி 1

ஜதுவிடமிருந்து ஒன்றுமில்லை. இன்று ஒரு பஸ் தரிப்பிடத்தில் நிற்பாட்டாமல் போய்விட்டேன். ஒரு ஆள் கையைக் காட்டிக்கொண்டு நின்றது கண்ணாடியில்தான் தெரிந்தது. புத்தி எங்கை போகுது எனக்கு?

பெப்ரவரி 8, சனி

பார்சல் திரும்பி வந்தது.

உள்ளே ஒரு துண்டு, ஆங்கிலத்தில். தோளில் இறுக்குது. கீழே உயரம், நெஞ்சு, இடுப்பு, நிறை. 'அப்பா' என்று இல்லை. வேறு ஒரு சொல்லும் இல்லை.

தோள் இவ்வளவு அகலமோ? எப்ப இப்பிடி வளந்தவள்? நான் அளந்தது பதினெட்டு வயதுப் பிள்ளையை.

செல்வமலர் துண்டை இரண்டு தரம் வாசித்தாள். "வேண்டாமெண்டால் அளவு எழுதியிருக்க மாட்டாள்" என்றாள்.

பெப்ரவரி 10

கடையில் மாற்றி எடுத்தேன். தபாலில் போட மனமில்லை. இருபத்தோராம் திகதி வெள்ளி லீவு கேட்டிருக்கிறேன். என்னைக் கண்டதும் திரும்பிப் போனாளெண்டால்?

பெப்ரவரி 22, சனி, திரும்பும் ரயிலில்

நேற்று மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். ஒன்பதரை பாகை. தண்ணீரிலிருந்து ஏறி வந்தவர்களில் எது என் பிள்ளை என்று தெரியவில்லை. எல்லாரும் கறுப்பு உடுப்பு. அவள்தான் என்னைக் கண்டாள். உதடு நீலம்.

"ஏன் வந்தனீங்கள்?"

ரயிலில் பாடமாக்கி வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது.

"உன்னை அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது, ஜது. பிழை என்னிலைதான்."

காற்றில் கேட்டதோ தெரியவில்லை. இன்னொருக்கால் கத்திச் சொன்னேன். நாயோடு போன ஒரு வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவள் என் கையில் இருந்த வெட்சூட் பையை வாங்கினாள். "எனக்கு இன்னும் கோவம், அப்பா."

"ஓம்."

"கிளாஸ் இருக்கு. ஒண்டரை மணித்தியாலம். நிப்பீங்களோ?"

நின்றேன். புதுசைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். ஒரு அலையில் அவள் எழும்பி நிற்க, என்னையறியாமல் கை தட்டினேன். பயமும் போகவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட இருக்க, என் போன் அடித்தது. ஜது.

"அம்மா பக்கத்திலைதான் நிக்கிறா. குடுக்கட்டோ?"

"வேண்டாம் அப்பா. உங்களோடை கதைக்கத்தான் எடுத்தனான்."

கதைத்து முடியச் சோறு ஆறிவிட்டது. செல்வமலர் திரும்பச் சூடாக்கித் தந்தாள்.