முள்வேலிக்கு வெளியே ஒரு பொட்டலம் சீனி

மச்சான்,

இன்று காலை மாத்திரைப் புட்டியைத் திறந்ததும் கருவாட்டு வாடை குப்பென்று அடித்தது. இனிப்பு நீர் வியாதிக்கு எனக்குக் கொடுத்திருக்கும் மாத்திரை இப்படித்தான் நாறுகிறது. ஆமாம், உன்னைப் பிடித்த வியாதி என்னையும் பிடித்துவிட்டது. கோலா பிலா முதல் தம்பின் வரைக்கும் ‘இரும்பு உடம்புக்காரன்’ என்று பெயர் வாங்கியவன், இப்போது லோபாக்கில் மகன் வீட்டில் உட்கார்ந்து சோற்றுக்குப் பின் ஒன்று விழுங்குகிறேன். நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

ஆனால் நான் எழுத வந்தது அதற்கில்லை. நேற்று கிளினிக்கில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உன் வீட்டுக்காரியும் கூட வந்திருந்தாள். என் தங்கச்சிக்கு வயதானாலும் அண்ணனைக் கண்காணிக்கும் வேலையை விடவில்லை.

அங்கே ஒரு சின்ன டாக்டரம்மா. “தாத்தா, உங்க உடம்புல இருக்குற ஒவ்வொரு செல்லுக்குள்ளயும், எரிபொருள் எவ்வளவு மிச்சம்னு பார்க்க ஒரு அளவுகாட்டி இருக்கு” என்றார்.

“தோட்டத்துல வேலை வாங்குற மண்டோர்னு சொல்லுங்கம்மா.”

“சரி லா, மண்டோர்தான்!”

அட, எப்பேர்ப்பட்ட மண்டோர், மச்சான்! எரிபொருள் குறைந்தால் புதுக் கட்டு வேலையை எல்லாம் நிறுத்தச் சொல்கிறான். சேர்த்து வைத்த கொழுப்பை எரிக்கச் சொல்கிறான். இரத்தத்தில் ஓடும் சர்க்கரையை உள்ளே இழுக்கச் சொல்கிறான். நாம் எந்நேரமும் தின்றுவிட்டு உட்கார்ந்தே இருந்தால் அவனுக்கு வேலையில்லை, தூங்கிவிடுகிறான். சர்க்கரை வெளியே தேங்கிக் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் கெடுக்கிறது. என் நாற்ற மாத்திரை அவனைத்தான் கிள்ளி எழுப்புகிறதாம். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் முதலாவதாக வந்தவன் நான். மொத்தம் நாலு பேர் என்பது வேறு விஷயம். சொன்னவுடன் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் புரிந்ததில்லை என்று டாக்டரம்மாவே சொன்னார், அல்லது சொல்ல வாயெடுத்தார்.

அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. “அப்போ சர்க்கரை கூடிப்போன ஆளு, சர்க்கரை இல்லாம எப்படிம்மா விழுவான்?” என்று கேட்டேன்.

“இன்சுலின் ஊசி போட்டாரா? ஊசி செல்லோட கதவைத் திறந்துவிடும், சர்க்கரை உள்ள போயிடும். அப்புறம் சாப்பாடு வரலைன்னா இரத்தம் காலி. மூளைக்குச் சேர்த்து வைக்க இடமில்ல தாத்தா, அதுதான் முதல்ல தவிக்கும்.”

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்து அந்தக் காலை அப்படியே கண்முன் வந்து நின்றது. நம் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி. காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பருக்கையும் போய்ச் சேரக்கூடாது என்று தோட்டம் முழுக்க ஒரே அடுப்பில் சோறு. கேட்டுக்கு வெளியே தின்பண்டம் கொண்டுபோனால் ஜெயில். அன்றைக்கு மழையில் விறகு நனைந்து சோறு வேகவில்லை. நீயோ தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரிடம் ஊசி போட்டுக்கொண்டுவிட்டாய். கேட்டைத் திறந்துவிட்டார்கள், ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போயாக வேண்டும். டிரெசர் ஒரு சீட்டு எழுதி, ஒரு பொட்டலம் சீனியும் கொடுத்திருந்தார். காவலுக்கு நின்ற மலாய்க்காரர் சீட்டைப் பார்த்து உன்னை விட்டுவிட்டார்.

விடாதவன் நான்தான். வேலியைத் தாண்டியதும் உன் சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கினேன்.

“இனிப்பு நீர்க்காரனுக்குச் சீனியா? என் தங்கச்சி தாலிய அறுக்கப் பாக்குறியா?”

“டேய் மச்சான், குடுடா. டிரெசரே குடுத்தது.”

“அவன் கெடக்கான் அரைகுறை!” என்று சாக்கடையில் கொட்டினேன். அவர் அரைகுறை, நான் மேதை!

பத்து மரம்கூட வெட்டியிருக்கமாட்டாய். கை நடுங்கியது, முகமெல்லாம் வேர்வை. மரத்தைப் பார்த்து ஏதோ கோபமாகப் பேசினாய். பிறகு சரிந்தாய். “சீனி” என்றாய், அவ்வளவுதான். சுற்றிலும் ஆயிரக்கணக்கான மரம், ஒரு வாய்க்குத் தின்ன ஒன்றுமில்லை. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். மூன்று மைல். வழியில் புலி ஒன்று பின்னாலேயே வந்தது. உன் கனத்தைப் பார்த்து அதற்கே இரக்கம் வந்து திரும்பிப் போய்விட்டது.

“குலா! சீனி! குலா!” என்று கேட்டில் கத்தினேன். மலாய்க்காரருக்குப் புரிந்துவிட்டது. தேநீருக்கு வைத்திருந்த இனிப்புப் பால் டின்னை எடுத்தவர், கேட்டருகே நின்றுவிட்டார். சட்டம்! டின் வெளியே வரக்கூடாது.

“மாசோக்! உள்ளே, உள்ளே!” என்றார். நீதான் உள்ளே வரவேண்டும். இழுத்துப் போட்டேன். விரலில் தொட்டுத் தொட்டு உன் உதட்டில் வைத்தார். நக்கினாய், விழுங்கினாய். கொஞ்ச நேரத்தில் கண் திறந்து, “இன்னுங் கொஞ்சம் ஊத்து” என்றாய். நான் அழுதேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சீனியைக் கொட்டியதையும் சொன்னதில்லை. நீயும் சொல்லவில்லை. “என் மச்சான்தான் தூக்கிட்டு வந்தான்” என்று ஊரெல்லாம் சொன்னாய். நான் ஐம்பது வருடம் அதில் மாலை வாங்கினேன்.

நேற்று டாக்டரம்மாவிடம் கதையைச் சொல்லும்போது எப்படியோ வாய் வழுக்கிவிட்டது. புலியைச் சொன்னேன், கூடவே பொட்டலத்தையும் சொல்லிவிட்டேன். தங்கச்சியைத் திரும்பிப் பார்க்கவே பயம்.

அவள் கைப்பையை மூடிக்கொண்டே சொன்னாள்: “அன்னிக்கு ராத்திரியே அவரு சொல்லிட்டாருண்ணே. ‘உனக்குத் தெரியும்னு அவன்கிட்ட காட்டிக்காதே. பாவம், புலி செத்துப்போயிடும்’னாரு.”

அடப்பாவி! சாகும்வரை அந்தப் புலிக்குத் தீனி போட்டது நீயா?

என் மாத்திரைக்கு அப்படி மயக்கம் எல்லாம் வராதாம், டாக்டரம்மா சொல்கிறார். இருந்தாலும் அந்த முள்வேலியை எடுத்த நாள் முதல் ஒரு நாளும் நான் சீனிப் பொட்டலம் இல்லாமல் வெளியே போனதில்லை. இப்போதும் சட்டைப்பையில் இருக்கிறது. யார் நடுங்கினாலும் கொடுப்பேன் மச்சான், பிடுங்கமாட்டேன்.